பொருள் தேடித் தரும் ஆப்: 63 நாள் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன்

ஆப்பைத் திறந்ததும் முதல் திரையில் பெரிய எழுத்தில் வருவது இதுதான்: "உங்கள் பொருளைக் கண்டுபிடியுங்கள்." பேருந்தில் விட்ட குடையைத் தேடித் தரும் சேவையோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, வாழ்க்கையின் பொருளாம். பொருள் என்றால் சாமான், பொருள் என்றால் சொத்து, பொருள் என்றால் அர்த்தமும். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற மொழியில் இதை எழுத உட்கார்ந்தவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இரண்டாம் திரையில் "உங்கள் ஏன் எது?" என்று இருந்தது. என் ஏன் எது. வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை ஆப்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான்: மலை உச்சி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆள், எதிரே சூரியன். 8 வாரம், 56 பாடம், நாளுக்கு 15 நிமிடம், முடிவில் உங்கள் வாழ்க்கை நோக்கம் எழுத்து வடிவில் கையில் இருக்கும் என்கிறார்கள். எனக்கு 56-க்குப் பதில் 63 நாள் ஆனது. அந்த 7 நாள் ஏன் கூடியது என்பதற்குப் பின்னால் வருகிறேன், இந்த விமர்சனத்தில் உருப்படியான பகுதி என்றால் அதுதான்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால், ஷூ. நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன், வயது 43, பதவி உயர்வு வந்து மூன்றாவது மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில் இடது காலில் ஷூ மாட்டியாகிவிட்டது, வலது ஷூ கையில் இருக்கிறது, அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அழுகை இல்லை, பெரிய சோகம் என்றும் சொல்ல முடியாது, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதை விரலால் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்தபோது 20 நிமிடம் போயிருந்தது. யாராவது எப்படி இருக்கே என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்போமே, அன்றைக்கு அந்த ஓட்டம் நின்று, நின்றது எனக்கே 20 நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து இந்த ஆப்பைக் காட்டினார்.

(இடையில் ஒன்று. இப்படி வாரக்கணக்கில் நீண்டால், தூக்கமும் பசியும் கெட்டால், இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால், ஆப் எல்லாம் சரிப்படாது, மருத்துவரிடம் போங்கள். இந்த எச்சரிக்கை ஆப்பிலும் இருக்கிறது, விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில். முதல் திரையில் இருந்திருக்க வேண்டியது.)

முதல் நாள் ஒரு தேர்வு. 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண். எங்கிருந்து எடுத்தது என்று தேடிப் பார்த்தேன். மைக்கேல் ஸ்டீகர் என்ற உளவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் 2006-ல் வெளியிட்ட கேள்வித்தாளை அப்படியே ஒத்திருக்கிறது. அந்த மூலம் நல்ல சரக்கு. அதில் 5 கேள்விகள் வாழ்க்கையில் அர்த்தம் இருப்பதாக உணர்கிறீர்களா என்பதை அளப்பவை, மீதி 5 அதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா என்பதை. இருப்பது வேறு, தேடுவது வேறு என்பதுதான் அந்த அளவையின் உயிரே. ஒருவர் எதையும் தேடாமல் நிறைவாக இருப்பார், இன்னொருவர் நிறைவோடு இருந்துகொண்டே மேலும் தேடுவார், மூன்றாமவர் தேடித் தேடி அலுத்திருப்பார். அதனால் இரண்டு மதிப்பெண்ணையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

இந்த ஆப் பத்தையும் ஒன்றாகக் கூட்டி 70-க்கு ஒரு மதிப்பெண் தருகிறது. எனக்கு இருப்பதில் 13, தேடுவதில் 33. கூட்டினால் 46. பச்சை வட்டம், "நல்ல நிலையில் இருக்கிறீர்கள்" என்ற பாராட்டு. ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தவனுக்கு! கையிருப்பையும் கடனையும் கூட்டி மொத்தச் சொத்து என்று எழுதியது போல. என்னிடம் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டாம் வாரம் நான்கு வட்டம். பிடித்தது, கைவந்தது, உலகுக்கு வேண்டியது, சம்பளம் கிடைப்பது, நான்கும் வெட்டிக்கொள்ளும் நடுவில் "இகிகாய்", அதாவது வாழ்வதற்கான காரணம். ஜப்பானியரின் பழம்பெரும் ஞானம் என்று பின்னணியில் புல்லாங்குழல் வேறு. உண்மையில் அந்த நான்கு வட்டப் படம் ஜப்பானிலிருந்து வந்ததே இல்லை. ஆண்ட்ரெஸ் சுசுனாகா என்ற ஸ்பானியர் 'நோக்கம்' என்று நடுவில் எழுதி வரைந்தது அது. 2014-ல் மார்க் வின் என்பவர் அந்த நடுச்சொல்லை மட்டும் எடுத்துவிட்டு 'இகிகாய்' என்று போட்டார், படம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜப்பானில் இகிகாயைப் பற்றி ஆழமாக எழுதியவர் மியெகோ காமியா என்ற மனநல மருத்துவர். நாகஷிமா தீவில், தொழுநோய் என்று ஊரிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோடு வேலை செய்து, 1966-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டவர். ஒரே நோய், ஒரே தீவு, ஒரே மாதிரி கட்டில். அதில் சிலர் மட்டும் எப்படி உயிர்ப்போடு இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தத் தீவில் சம்பள வட்டம் எங்கே இருந்திருக்கும்? ஆப் சொல்கிற கணக்குப்படி அந்த மனிதர்களில் ஒருவருக்கும் இகிகாய் இருக்க வாய்ப்பே இல்லை.

சரி, நானும் நிரப்பினேன். நிரப்பும்போது ஒரு பக்கப் பட்டியல் கேட்டார்கள்: "உங்கள் நேரத்தைத் தின்னும் கடமைகள்". துணி இஸ்திரி, மின்னஞ்சல், கட்டணங்கள் கட்டுவது, அதற்குக் கீழே "சித்திக்குப் படித்துக் காட்டுவது" என்று எழுதினேன். ஆப் அடுத்த நொடியே கேட்டது: "இவற்றில் எதைக் கைவிடலாம்?" இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கண்ணை மூடச் சொல்வது போன், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று காட்டுவதும் அதே போன், ஆக ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து பார்த்தேன். என்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2014-ல் திமோதி வில்சன் குழுவினர் ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்து, விருப்பமிருந்தால் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானையும் வைத்தார்கள். 18 ஆண்களில் 12 பேர் அழுத்தினார்கள். 24 பெண்களில் 6 பேர். அந்த அதிர்ச்சி எப்படி இருக்கும் என்று முன்பே பட்டுப் பார்த்து, காசு கொடுத்தாவது தவிர்ப்போம் என்று சொன்னவர்கள்தான் இவர்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் தெளிவு பிறக்கும் என்று ஆப் சொல்லும்போது எனக்கு இந்தப் பொத்தான்தான் ஞாபகம் வந்தது.

நான்காம் வாரம் வேலையைப் பற்றியது, அது நன்றாகவே இருந்தது. ஏமி ரெஸ்னெஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997-ல் எழுதிய கட்டுரை அடிப்படை. வேலையைச் சிலர் சம்பளமாகப் பார்க்கிறார்கள், சிலர் ஏணியாக, சிலர் தனக்கென்றே வந்த பணியாக. இது பெரிய பதவி, சின்னப் பதவி என்பதைப் பொறுத்தது இல்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் அலுவலக உதவியாளர்களிடம் கேட்டபோது கிட்டத்தட்ட சமமாக மூன்று கூட்டமாகப் பிரிந்தார்களாம். பின்னால் 2001-ல் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றியும் எழுதினார். அவர்களில் சிலர் தரை துடைப்பதோடு நிற்காமல் நோயாளியோடு இரண்டு வார்த்தை பேசுவது, வந்தவர்களுக்கு வழி காட்டுவது என்று தாங்களாகவே வேலையை விரித்துக்கொண்டார்கள், தங்களையும் வைத்தியத்தில் ஒரு கையாகவே நினைத்தார்கள். இதைப் படித்துவிட்டு நான் தணிக்கை செய்யும் ஒவ்வொரு தாளுக்கும் அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார் என்று எழுதிப் பார்க்கும் பயிற்சியைச் செய்தேன். ஆப்பில் இருந்த பயிற்சிகளிலேயே வெளியே பார்க்கச் சொன்னது இது ஒன்றுதான். அடுத்த நாள் ஒரு சின்ன ஒப்பந்தக்காரரின் பில் வெறும் ஒரு கையெழுத்துக்காக நான்கு மாதமாக என் மேஜையிலேயே படுத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். என் மேஜையில்! அதற்குப் பிறகு அந்தத் தட்டை தினமும் காலி செய்கிறேன்.

ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு பொடி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இதே ஆப்பை நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்கிறார்கள் (பக்கத்து இருக்கை நண்பருக்கு அலுவலகக் கணக்கில் இலவசமாகக் கிடைத்திருக்கிறது, எனக்குச் சொல்லவே இல்லை). துப்புரவுப் பணியாளர் தன் வேலைக்கு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. அதையே சாக்காக வைத்து அர்த்தம்தான் கிடைத்துவிட்டதே, கூலி எதற்கு என்று மேலே இருப்பவர் நினைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 56 பாடத்தில் ஒரு வரி இல்லை.

ஐந்தாம் வாரத்திலிருந்து தினமும் இரவு மனநிலைப் பதிவு. ஐந்து முகம், சிரிப்பிலிருந்து சுளிப்பு வரை, ஒன்றைத் தொட வேண்டும். வார முடிவில் வரைபடம் போட்டு ஆலோசனையும் வருகிறது. எனக்கு வந்த ஆலோசனை: "உங்கள் மனநிலையைக் குறைக்கும் செயல்: இரவுத் தொலைபேசி உரையாடல்." ஆப் பொய் சொல்லவில்லை. சித்தியோடு பேசிய நாட்களில் தூங்க நேரமாகும், காலையில் கண் எரியும், நான் சுளித்த முகத்தைத்தான் தொட்டிருக்கிறேன். தப்பு எங்கே என்றால், மகிழ்ச்சியை அளந்துவிட்டு அர்த்தத்தை அளந்ததாக நினைத்துக்கொள்வதில். ராய் பாமைஸ்டர் குழுவினர் 2013-ல் சுமார் 400 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டியது. இரண்டும் பெரும்பாலும் கூடவே போகும். ஆனால் பிரியும் இடங்கள் உண்டு. கவலை, மன அழுத்தம், பிறருக்குக் கொடுப்பது, நடந்ததையும் நடக்கப் போவதையும் நினைப்பது, இவையெல்லாம் மகிழ்ச்சி குறைவோடும் அர்த்தம் அதிகத்தோடும் சேர்ந்து வந்தன. பிள்ளை வளர்த்தவர் யாரைக் கேட்டாலும் ஆய்வு இல்லாமலே சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம். இந்த ஆப்பின் கணக்கில் கைக்குழந்தைக்கு இரவு மூன்று மணிக்குக் கண்விழிப்பதும் "மனநிலையைக் குறைக்கும் செயல்" ஆகத்தான் வரும், எதைக் கைவிடலாம் என்று கேட்கும்.

இப்போது அந்த 7 நாள்.

சித்திக்கு நடுப்பார்வை போய்விட்டது. வயதானால் சிலருக்கு விழித்திரையின் மையம் தேய்ந்துவிடும், ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. வீட்டுக்குள் நடப்பாள், ஆள் வந்தால் அடையாளம் குரலில்தான், எழுத்து சுத்தமாகப் போச்சு. சித்தப்பா கப்பலில் இயந்திர அறையில் இருந்தவர், அவர் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு இரவு 9 மணிக்குப் போனில் படித்துக் காட்டுவேன். ஆப் வாங்குவதற்கு முன்பே தொடங்கியது. காதல் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம், இயந்திர அறை எவ்வளவு சூடு, சட்டையில் எந்தப் பொத்தான் போச்சு, கூரை ஒழுகியதே அடைத்தாயா, இவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் சித்திக்கு எல்லாமே மனப்பாடம். நான் ஒரு சொல்லைத் தாண்டினால் பிடித்துவிடுவாள்.

அன்று 41 நாள் தொடர்ச்சி முடிந்து 42-ஆம் நாள். கூரைக் கடிதத்தின் நடுவில் இருக்கும்போது ஆப் டிங் என்றது.

"யாருடா அது நடுவுல மணி அடிக்கிறது?"

"போன்ல ஒரு ஆப் சித்தி. இன்னைக்கு வாழ்க்கைக்கு அர்த்தம் கண்டுபிடிச்சியான்னு கேக்குது."

"அதை அப்புறமா வரச் சொல்லு. நீ கூரைக்கு வா."

கூரைக்கு வந்தேன். கடிதம் முடிந்ததும் சித்தி அந்தக் கூரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சித்தப்பா கடிதத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒழுகல், அவள் அடைக்கவே இல்லையாம். அடைத்துவிட்டேன் என்று எழுதினால் அடுத்த கடிதத்தில் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்காது என்று, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, "இன்னும் ஒழுகுகிறது" என்றே எழுதியிருக்கிறாள். மூன்று மழைக்காலம். பேசி முடித்தபோது 12 தாண்டிவிட்டது.

போனைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் உடைந்த சங்கிலிப் படம். "உங்கள் 41 நாள் பயணம் தடைபட்டது." ஒரு வாரத்தில் ஒரு நாள் விட்டால் அந்த வாரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பது விதி. ஆறாம் வாரத்தின் கடைசி நாள் அது, ஆக 7 நாள் மறுபடி. விட்டதால் ஏதோ இழந்த மாதிரி வயிற்றில் ஒரு பிசைவு வந்தது உண்மை. அந்தப் பிசைவை வர வைக்கத்தான் சங்கிலிப் படமே. ஆறாம் வாரத்தின் தலைப்பு என்ன தெரியுமா? "பிறரோடு ஆழமான உறவு."

மறுபடி செய்த அந்த வாரத்தில்தான் ஆப்பின் நல்ல பகுதி ஒன்றைக் கண்டுபிடித்தேன், நாட்குறிப்பு. தினமும் ஒரு கேள்வி வரும், எழுதலாம், யாரும் பார்ப்பதில்லை. எழுதுவது உதவும் என்பது புதிய விஷயம் இல்லை, 1986-லேயே ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களைத் தங்களை உலுக்கிய ஒன்றைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுத வைத்து ஆய்வு செய்திருக்கிறார். ஆனால் இந்த ஆப்பில் ஒரு சின்ன வசதி, செட்டிங்ஸில் ஒளிந்து கிடக்கிறது: நீங்கள் எழுதியதில் எந்தச் சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிக் காட்டும். பார்த்தேன். "வேலை" முதலிடம், எதிர்பார்த்ததுதான். இரண்டாமிடம் "சித்தி". "நோக்கம்" என்ற சொல் ஒரே ஒரு தடவை, அதுவும் "நோக்கம் என்று என்னத்தை எழுதுவது" என்ற வரியில்.

நேரத்தைத் தின்னும் கடமை என்று நானே எழுதிக் கொடுத்தது அது. இஸ்திரிக்குக் கீழே.

ஆறு வாரமாக எனக்கு என்ன பிடிக்கும், எனக்கு என்ன வரும், என் ஏன் எது என்று என்னையே குடைந்துகொண்டிருந்திருக்கிறேன், ஆப்பும் குடை குடை என்று மண்வெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஒன்பது மணிக்கு ஒருத்தி போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பது உள்ளே குடைந்தால் அகப்படுகிற சமாசாரம் இல்லை.

இதில் ஒரு கூத்து, விக்டர் ஃபிராங்கல் என்ற மனநல மருத்துவரின் கறுப்பு வெள்ளைப் படம் பாடத்துக்குப் பாடம் வருகிறது. நாஜி முகாம்களிலிருந்து 1945-ல் உயிரோடு மீண்டவர், மீண்டதும் ஒன்பதே நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்த புத்தகம் 1946-ல் வந்தது. அவர் படத்துக்கு அடியில் ஆப் போட்டிருக்கும் வாசகங்களில் ஒன்று, இணையத்தில் மிகவும் சுற்றுவது, அவர் எழுதியதே இல்லை. ஸ்டீபன் கோவி என்ற சுயமுன்னேற்ற எழுத்தாளர் ஏதோ நூலகத்துப் புத்தகத்தில் படித்ததாகச் சொன்ன வரி இவர் தலையில் ஏறிவிட்டது. போகட்டும். அவர் உண்மையில் சொன்னது இந்த ஆப்புக்கு நேர் எதிர். அர்த்தத்துக்கு அவர் காட்டிய வழி மூன்று: ஒரு காரியம், ஒரு மனிதர் மீதான அன்பு அல்லது ஓர் அனுபவம், தப்பிக்க முடியாத துன்பம் வந்தால் அதை எதிர்கொள்ளும் விதம். மூன்றிலும் ஆள் தன்னைப் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறான். வாழ்க்கையிடம் நாம் கேள்வி கேட்பதல்ல, வாழ்க்கைதான் நம்மைக் கேட்கிறது, பதில் சொல்ல வேண்டியது நாம் என்பது அவர் கட்சி. வார வேலையின் பரபரப்பு ஓய்ந்ததும் வெறுமை வந்து உட்காருவதை அவர் 'ஞாயிற்றுக்கிழமை நோய்' என்று குறிப்பிட்டிருக்கிறார். எனக்குத் திங்கட்கிழமை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இவ்வளவையும் சொன்ன மனிதரின் படத்தைப் போட்டுவிட்டு அதன் கீழேயே "உங்களுக்குள் தேடுங்கள்" என்று பொத்தான் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

ஏழாம் வாரம், எட்டாம் வாரம் ஓடிவிட்டன. கடைசி நாள் நம் பதில்களை எல்லாம் வைத்து ஆப் நமக்கு ஒரு நோக்க வாக்கியம் எழுதித் தருகிறது, தங்க நிறக் கட்டம் போட்டு. எனக்கு வந்தது: "என் தனித்துவமான பலங்களைப் பயன்படுத்தி, என்னைச் சுற்றியுள்ளோரின் வாழ்வில் நேர்மறையான, நிலைத்த மாற்றத்தை உருவாக்குவதே என் நோக்கம்." மறுநாள் பக்கத்து இருக்கை நண்பரிடம் அவருடையதைக் காட்டச் சொன்னேன். அவருக்கு "நேர்மறையான, நிலைத்த" என்பதற்குப் பதில் "ஆழமான, நேர்மறையான" என்று இருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் அதை அச்செடுத்து மேஜையில் ஒட்டியிருந்தார், சாயங்காலம் பார்த்தபோது இல்லை.

அதே நாள் மறுபடி அந்த 10 கேள்வித் தேர்வு. இருப்பதில் 22, தேடுவதில் 15. என்னைக் கேட்டால் நல்ல சேதி. ஆனால் கூட்டினால் 37. ஆரஞ்சு வட்டம். "உங்கள் மதிப்பெண் குறைந்துள்ளது. 8 வாரப் பயணத்தை மீண்டும் தொடங்கப் பரிந்துரைக்கிறோம்."

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பு சுத்தம், விளம்பரம் இல்லை, பேசும் குரல் காதுக்கு உறுத்தவில்லை. தனியாக இருப்பவர்கள், தங்களைப் பற்றி ஒரு வரி எழுதியே பழக்கமில்லாதவர்கள், இவர்களுக்கு நாட்குறிப்பும் நான்காம் வாரமும் பிரயோசனப்படும். மொத்தமாக வீண் என்று சொன்னால் அது என் கோபம் பேசுவதாக ஆகிவிடும். அந்தச் சொல் எண்ணிக்கை இல்லாவிட்டால் நான் இன்னும் எத்தனை நாள் இஸ்திரிக்குக் கீழேயே சித்தியை வைத்திருந்திருப்பேனோ.

என் மதிப்பெண் 5-க்கு 2. ஒன்று நாட்குறிப்புக்கு, ஒன்று நான்காம் வாரத்துக்கு.

சந்தாவை ரத்து செய்யப் போனால் ஐந்து திரை. ஒரு திரையில் "உங்கள் பொருளை விட்டுவிட்டுப் போகிறீர்களா?" என்று கேட்கிறது, மறுபடி குடை ஞாபகம். ஏன் விலகுகிறீர்கள் என்று ஆறு காரணம் கொடுத்திருக்கிறார்கள், எதுவும் பொருந்தவில்லை, "மற்றவை" என்பதைத் தொட்டு, 9 மணிக்கு வேறு வேலை இருக்கிறது என்று எழுதினேன். நினைவூட்டல் நேரத்தை 10 மணிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று உடனே பதில் வந்தது.

நீங்களும் ரத்து செய்வதாக இருந்தால் ஒன்று: முதலில் செட்டிங்ஸில் நாட்குறிப்பைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்த 30-ஆம் நாள் எழுதியதெல்லாம் அழிந்துவிடும், அதை எந்தத் திரையிலும் சொல்வதில்லை, விதிமுறையில் அந்த எறும்பு எழுத்தில்தான் இருக்கிறது. நான் 28-ஆம் நாள் பார்த்தேன். கூரைக் கதை முழுவதையும் அன்று இரவே அதில்தான் எழுதி வைத்திருந்தேன்.